பதினான்கு வினாடிகள்

என் மகள் அனன்யா பல்கலைக்கழகத்தில் வெல்ஷ் மொழி படிக்கிறாள் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் "வேல்ஸ்ல படிக்கிறா" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். ஊரில் பாதிப் பேர் அதைச் சென்னையில் இருக்கும் ஏதோ கல்லூரி என்று நினைத்துக்கொண்டார்கள். பிரிட்டனின் மேற்கு ஓரத்தில் மழையும் ஆட்டு மந்தையுமாக ஒரு நாடு இருக்கிறது, இவள் அத்தனை தூரம் போய் அந்த ஊர்ப் பாஷையை அ, ஆ-விலிருந்து படிக்கிறாள் என்று விளக்கி, அவர்கள் முகம் போகும் போக்கைப் பார்ப்பதைவிட, சென்னை என்றே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

போனதென்னவோ உளவியல் படிக்கத்தான். முதல் வருடத்தில் ஏதோ ஒரு கூடுதல் பாடமாக இதை எடுத்தாள். இரண்டாவது வருடம் தொடங்கும்போது உளவியலை விட்டுவிட்டு, ஒன்றுமே தெரியாதவர்களுக்கான வெல்ஷ் பட்டப்படிப்பில் போய் உட்கார்ந்துவிட்டாள். மறுபடியும் முதல் வருடம். எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று கேட்டேன். சில லட்சம் என்றாள். துபாயில், அல் குசைஸில் நாங்கள் இருக்கும் கட்டடத்தின் லிஃப்டில் ஒரு நாளில் பத்து மொழி கேட்கலாம், அதில் ஒன்றைப் படித்தாலும் ஒரு வேலை கிடைக்கும் என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எனக்கும் அவளுக்கும் இடையிலான பேச்செல்லாம் இங்கிலீஷில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேனே தவிர, அவள் என்னிடம் தமிழில் பேசியதாக நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அவளுக்குத் தமிழ் தெரியாது. சாப்பாட்டுச் சொற்கள், வா, போ, வேண்டாம், சீக்கிரம், கழுதை. இருபது வருடத்தில் நாங்கள் கொடுத்தது அவ்வளவுதான்.

அவளுக்கு மூன்றரை வயதானபோது கே.ஜி. சேர்க்கைக்கு ஒரு பள்ளியில் நேர்காணல். டீச்சர் ஒரு படத்தைக் காட்டி இது என்ன என்று இங்கிலீஷில் கேட்டாள். என் பிள்ளை பெரிய பதிலாக, "காக்கா. காக்கா வடையத் தூக்கிட்டுப் போயிரும்" என்றது. இடம் கிடைக்கவில்லை. வீட்டில் இங்கிலீஷ் பேசுங்கள் என்று அந்த டீச்சர் என்னிடம் சொன்னாள். அன்றே நானும் என் கணவர் ரவிசங்கரும் உட்கார்ந்து முடிவெடுத்தோம். எங்களுக்குள் தமிழில் பேசுவதைக்கூடக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுவோம். அவள் உள்ளே வந்தால் பேச்சு மாறிவிடும். மறு வருடம் இடம் கிடைத்தது. பள்ளியில் இரண்டாம் மொழிக்குப் பிரெஞ்சு எடுத்தாள், மார்க் வரும் என்று. இங்கே எல்லாரும் செய்வதைத்தான் செய்தோம். மார்பில் அடித்துக்கொண்டு அழும் அளவுக்கு ஒன்றும் செய்யவில்லை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

வெல்ஷ் விஷயத்தில் ரவி அவள் பக்கம். எனக்கு அதுவே பெரிய எரிச்சல். ஒருநாள் சாப்பிடும்போது, "நாம ரெண்டு பேருமாச் சேந்து அவளுக்கு ஒரு பாஷையக் குடுக்கல. அவளாத் தேடி ஒண்ணு எடுத்துக்கிட்டா. அதையும் புடுங்கணுமா பிரபா?" என்றார். தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அவளிடம் ஏன் இந்த மொழி என்று ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். விடுதியில் அவளுடைய அறைத்தோழி ஒரு பண்ணை வீட்டுப் பெண். தினம் மாலையில் தன் அம்மாவுடன் போனில் வெல்ஷில் கத்துவாளாம். "அவளுக்கு அவள் அம்மாவோடு சண்டை போட ஒரு மொழி இருக்கிறது" என்றாள் அனன்யா. எனக்குச் சுருக்கென்றது. நாம் இங்கிலீஷில் போடுவதெல்லாம் சண்டை இல்லையாக்கும் என்று கேட்டு, பேச்சை அத்தோடு முடித்தேன்.

டிசம்பர் முதல் வாரம் ரவிக்குப் பக்கவாதம் வந்தது. ஜெபல் அலியில் ஒரு சைட்டில், ஏ.சி. ப்ளாண்ட் அறையில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே சரிந்திருக்கிறார். நான் வேலை பார்க்கும் பள்ளியின் ஆய்வுக்கூடத்திலிருந்து ஓடினேன். வலது கையும் காலும் போயிருந்தன. எகிப்திய டாக்டர் ஒருவர் அவரிடம் உங்கள் பெயர் என்ன என்று இங்கிலீஷில் திரும்பத் திரும்பக் கேட்டார். ரவி சுவரைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தார். நர்ஸ் இந்தியில் கேட்டாள். அதற்கும் அதே பார்வை. இருபத்து நான்கு வருடம் சைட்டில் இந்தியிலேயே ஆட்களை மேய்த்த மனிதர். எனக்குப் பொறுக்கவில்லை. குனிந்து, "உங்க பேரு என்னங்க?" என்றேன்.

"ரவி" என்றார்.

சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்றார் டாக்டர். பிறகு கற்ற மொழிகள் போய், முதலில் வந்தது மட்டும் நிற்கும். மற்றவை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். அந்த நின்ற தமிழும் குழறல்தான், அதுவும் அவர் எப்போதோ துடைத்துப்போட்டிருந்த கோவில்பட்டிப் பக்கத்துப் பேச்சு. கல்யாணமான புதிதில்கூட என்னிடம் அவர் அப்படிப் பேசியதில்லை.

அனன்யா மறுநாளே வந்து இறங்கினாள். நேராக ஆஸ்பத்திரி. அப்பா என்று கையைப் பிடித்தாள். அவர் அழுதுகொண்டே, "ஏட்டி, வந்திட்டியா" என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏட்டி என்பது கெட்ட வார்த்தையா?"

"இல்லை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் பெண்பிள்ளையைப் பிரியமாகக் கூப்பிடுவது" என்றேன்.

அன்றிலிருந்து இருவருக்கும் நடுவில் நான்தான் பாலம். அவள் இங்கிலீஷில் கேட்பதை அவருக்குத் தமிழில் சொல்வேன். அவர் குழறுவதை அவளுக்கு இங்கிலீஷில் சொல்வேன். தலையணை உயரத்தில் தொடங்கி, ஜன்னல் திரை, கால் மரத்துப்போவது வரை எல்லாம் என் வாய் வழியாகத்தான் போக வேண்டும். முதல் வாரம் அது எனக்குப் பாரமாக இருந்தது. போகப்போக, இந்த வீட்டில் இவ்வளவு தேவைப்படுகிறவளாக நான் எப்போதும் இருந்ததில்லை என்று தோன்ற ஆரம்பித்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், எனக்கு அது பிடித்திருந்தது.

ஜனவரி எட்டாம் தேதி பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். இருபத்தாறாம் தேதி தொடங்கும் பரீட்சைக்கு வரலாம், வாய்மொழித் தேர்வுக்கு நேரில் இருக்க வேண்டும். வர முடியாதென்றால் படிப்பை ஒரு வருடம் நிறுத்திவைத்து, செப்டம்பரில் மறுபடி முதல் வருடத்திலிருந்து தொடங்கலாம். ஆனால் நிறுத்தினால் மாணவர் விசா ரத்தாகும், புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், கிடைக்கும் என்று அவர்கள் உறுதி சொல்ல முடியாது. பத்தொன்பதாம் தேதிக்குள் பதில் வேண்டும்.

நான் வாயைத் திறப்பதற்குள் அனன்யா, "அப்பாவைக் கேட்போம்" என்றாள்.

அதற்குள் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தோம். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, போனில் ஒலிப்பதிவைத் தொடங்கித் தலையணை ஓரம் வைத்தாள். அது அவளுடைய வெல்ஷ் வகுப்புப் பழக்கம். ஒரு மனிதர் உயிரோடு பேசிய ஒரே ஒரு வாக்கியத்தை வைத்துக்கொள், அகராதி பார்க்காதே, யாரிடமும் அர்த்தம் கேட்காதே, தினமும் கேள், ஒருநாள் தானாகத் திறக்கும் என்று அவள் ஆசிரியை சொல்லிக்கொடுத்திருந்தாளாம். முதல் வாக்கியம் திறக்க அவளுக்கு ஐந்து வாரம் ஆனதாம்.

நான் கேள்வியைச் சரியாகத்தான் சொன்னேன். "அவ படிப்ப நிறுத்திட்டு இங்கயே இருக்கட்டுமா, இல்ல திரும்பப் போகட்டுமான்னு கேக்கா."

ரவி கொஞ்ச நேரம் உதட்டைக் கூட்டினார். வார்த்தை வருவதற்கு முன்பே கண் கலங்கியது. "அனுப்பு… பிள்ளய அனுப்பிரு. இங்கன… இங்கன கெடக்க வேண்டாம். பரிச்ச… எழுதட்டும்."

அனன்யா என்னைப் பார்த்தாள். அவள் உதடு 'வேண்டாம்' என்று அசைந்ததை நான் கவனித்தேன். அவர் சொன்னதில் அந்த ஒரு சொல்தான் அவளுக்குத் தெரியும். நான் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டேன்.

"போக வேண்டாம் என்கிறார்" என்றேன். "நீ இங்கேயே அவரோடு இருக்க வேண்டுமாம்."

ஏன் சொன்னேன் என்று நீங்கள் கேட்குமுன் நானே சொல்கிறேன். பள்ளிக்கு டியூட்டிக்குப் போனால் அவரைப் பகலில் யார் பார்ப்பது என்று ஒரு சப்பைக்கட்டு கையில் தயாராகத்தான் இருந்தது. உண்மை அது இல்லை. எனக்குப் பயம். பாதி முகம் தொங்கிப்போய், என்னைக் கண்டால் அழும் அந்த மனிதரோடு அந்த ஃப்ளாட்டில் நான் தனியாக இருக்கப் பயந்தேன். அந்த வெல்ஷ் படிப்பு ஒழியட்டும் என்ற ஆசையும் அதற்குள் இருந்தது. எல்லாம் சேர்ந்து ஒரே மூச்சில் வாயில் வந்துவிட்டது.

அவள் அப்பாவின் இடது கையைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, சரி என்று தலையாட்டினாள். அவள் போகச் சம்மதித்துவிட்டாள் என்று அவர் நினைத்தார். அவரும் தலையாட்டினார். இருவரும் ஆளுக்கொன்றை நினைத்து ஒருவரையொருவர் தட்டிக்கொடுத்ததை நான் நின்று பார்த்தேன்.

ஒரு பொய் சொன்னவளுக்கு இரண்டாவதைச் சொல்வது சுலபம். மூன்றாம் நாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது ரவி, "பயணம்… எப்ப?" என்றார். "பரிச்சையத் தள்ளி வச்சிட்டாங்களாம், இன்னும் தேதி சொல்லல" என்றேன். அவர் நம்பினார். என்னை நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை.

அனன்யா ஒரு புது நோட்டு வாங்கிவந்தாள். வெல்ஷ் நோட்டில் இருந்த அதே கோடுகளைப் போட்டாள். முதல் கட்டத்தில் சொல், அடுத்ததில் எங்கே கேட்டாள், மூன்றாவதில் அவளே சொன்ன வாக்கியம். வெல்ஷில் அவள் கற்ற முதல் வாக்கியம் எனக்குக் காப்பி பிடிக்கும் என்பதாம். அதனால் இதிலும் அதிலிருந்தே ஆரம்பித்தாள். "எனக்கு காப்பி பிடிக்கும்" என்று அவள் அப்பாவிடம் முதல் தடவை சொன்னபோது, நோய் வந்த பிறகு முதல் தடவையாக அவர் சிரித்தார். இடது பக்கம் மட்டும் சிரித்த முகம். அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சந்தோஷத்தையும் முழுசாக அனுபவிக்க முடியாதபடி நானே செய்துவைத்திருந்தேன்.

அவளுக்கு எதற்கும் வெட்கமே இல்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். இருபது வயதுப் பெண், தப்பாகச் சொல்லி, திருத்தப்பட்டு, மறுபடி தப்பாகச் சொல்வாள். வெல்ஷில் ஒரு 'ல்' இருக்கிறதாம். நாக்கை மேல்பல்லுக்குப் பின்னால் ஒட்டிவைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் காற்றை விட வேண்டும், பூனை சீறுவதுபோல வரும். அதை மூன்று மாதம் குளியலறையில் நின்று பழகினாளாம். பழம் என்று சொல்ல மட்டும் வரவில்லை. 'பளம், பலம்' என்று ஏதாவது சொல்வாள். ரவி வாயைத் திறந்து நாக்கைக் காட்டுவார். அவருக்கும் நாக்கு மடங்காது. இரண்டு பேரும் அரை மணி நேரம் அதையே செய்துகொண்டிருப்பார்கள்.

ஆனால் தினமும் காலையில், நான் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில், சாப்பாட்டு மேசையில் அந்தப் பதிவு ஓடும். பதினான்கு வினாடி. 'அனுப்பு… பிள்ளய அனுப்பிரு.' நான் டிபன் டப்பாவை மூடுகிற சத்தத்தை வேண்டுமென்றே பெரிதாக்குவேன். ஒருநாள் போனில் இருந்த மொழிபெயர்ப்புச் செயலியிடம் அவள் கேட்டுப் பார்த்தாள். அந்தக் குழறலைக் கேட்டு அது 'ஆனைப் பூ' என்று எழுதிக் காட்டியது. அவள் சிரித்து, ஏமாற்று வேலை செய்ததற்குத் தண்டனை என்று சொல்லிச் செயலியை மூடினாள்.

பதினாறாம் தேதி பிசியோதெரபி செய்ய வரும் ஷ்யாமிடம் அதைப் போட்டுக்காட்டினாள். அவன் கொல்லம் பக்கத்துப் பையன், தமிழ் நன்றாகப் புரியும். நான் டீ டம்ளரோடு ஓடிவந்தேன். இதுதான் அப்பா என்னை இங்கே இருக்கச் சொன்ன வாக்கியம், ஒவ்வொரு சொல்லாகத் திறந்துகொண்டிருக்கிறேன் என்று அவனிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பதிவு ஓடி முடிந்தது. ஷ்யாம் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"தெளிவா இல்ல மோளே" என்றான் அவளிடம்.

போகும்போது வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டே தணிந்த குரலில், "சேச்சி, நான் ஒண்ணும் சொல்லல. சேச்சி தன்னெ சொல்லிடணும்" என்றான். சரி என்றேன். கையும் களவுமாகப் பிடிபட்டவளை ஒருவன் விட்டுவிட்டுப் போகிறானே என்று நன்றி வரவில்லை. கோபம்தான் வந்தது.

சொல்லிவிட வேண்டும் என்று நினைக்காமல் இல்லை. பதினெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முடிவே செய்துவிட்டேன். என்ன சொல்ல வேண்டும் என்று இங்கிலீஷில் வாக்கியம் அமைத்துக்கொண்டு அறைக்குள் போனேன். அவள் அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தாள். தாடை முழுக்க நுரை. "ஆடாதீங்க அப்பா" என்றாள், அப்படியே என் மாமனார் வீட்டு இழுவையில். அவரிடமிருந்து பிடித்த இழுவை. அவர் ஆடாமல் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டேன்.

திங்கட்கிழமை நான் பள்ளியில் இருந்தபோதே அவள் பதிலை அனுப்பிவிட்டாள். படிப்பை நிறுத்திவைக்கிறேன் என்று. வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். அறைத்தோழி அவள் பொருட்களைப் பெட்டியில் கட்டிவைப்பாளாம். "பரவாயில்லை அம்மா, அப்பாவே கேட்ட பிறகு வேறென்ன?" என்றாள். நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அழுதுவிட்டு ரசம் வைத்தேன்.

அதற்குப் பிறகு எட்டு நாள். இனி எல்லாம் முடிந்தது, எப்போதாவது தெரிந்தாலும் காலம் கடந்த விஷயம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

இருபத்தேழாம் தேதி சாயங்காலம் என் தம்பி பாலமுரளி கோவில்பட்டியிலிருந்து போன் செய்தான். மருந்துக்கடை வைத்திருக்கிறான். மதுரையில் ஒரு நரம்பு டாக்டரிடம் காட்ட ஆஸ்பத்திரிக் காகிதங்கள் வேண்டுமாம். கையில் மாவு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அனன்யா மேசையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"எக்கா, அந்த ஸ்கேன் ரிப்போர்ட்ட வாட்ஸ்அப்ல அனுப்பு."

"நேத்தே அனுப்பிட்டேனேடா."

"வரலக்கா. திரும்ப அனுப்பிரு."

"சரி, இப்பவே அனுப்புதேன்" என்று நான் சொல்லி முடிக்கும்போதுதான் என் காதில் என் குரலே விழுந்தது. பட்டாணி உரிக்கும் சத்தம் நின்றிருந்தது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு என் போனைப் பார்த்தாள். நான் மாவுக் கையோடு ரிப்போர்ட்டைத் தேடி, தம்பிக்கு அனுப்பும் பொத்தானை அழுத்துவதைப் பார்த்தாள்.

"அனுப்பு என்றால் இதுவா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "ஆமாம்" என்றேன்.

அவள் தன் போனை எடுத்து மேசையில் வைத்துப் பதிவைப் போட்டாள். மறுபடி போட்டாள். ஒவ்வொரு சொல்லிலும் நிறுத்தி, நோட்டைப் புரட்டினாள். 'பிள்ள' என்பது ஏற்கெனவே நோட்டில் இருந்தது. 'இங்கன' இருந்தது. 'கெட' என்பதை, சும்மா கெட என்று அவர் ஈயை விரட்டும்போது சொல்லிக் கேட்டு எழுதிவைத்திருந்தாள். 'எழுது' என்பது நோட்டின் முதல் பக்கத்திலேயே இருந்தது, அவள் எழுதுவதைப் பார்த்து அவரே சொல்லிக்கொடுத்தது. 'பரிச்ச' மட்டும் இல்லை. அதை அவள் என்னிடம் கேட்கவில்லை. மற்றதெல்லாம் தெரிந்த பிறகு அதற்கு வேறென்ன அர்த்தம் இருக்க முடியும்?

பென்சிலை வைத்துவிட்டு இங்கிலீஷில் மெதுவாக வாசித்தாள். "அனுப்பு. பெண்ணை அனுப்பிவிடு. இங்கே கிடக்க வேண்டாம். தேர்வு எழுதட்டும்."

"அனு," என்றேன். "எனக்குப் பயமாக இருந்தது. நான் தனியாக எப்படி…"

"அதைச் சொல்லியிருந்தால் நான் இருந்திருப்பேன்" என்றாள். அவள் குரல் உயரவே இல்லை. "நீ கேட்டிருந்தால் இருந்திருப்பேன் அம்மா. அவர் வாயால் கேட்க வைத்தாய்." பட்டாணித் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். "நான் என்ன பேச வேண்டும் என்று நீ முடிவு செய்வது இது இரண்டாவது தடவை."

முதல் தடவை எது என்று நான் கேட்கவில்லை. மாவு கையில் காய்ந்து இறுகிப்போயிருந்தது. ஏதாவது கத்துவாள், தட்டைத் தூக்கி எறிவாள், நானும் பதிலுக்குக் கத்தி அழுது காலில் விழுந்து முடித்துவிடலாம் என்று காத்திருந்தேன். அவள் நோட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். எங்களுக்குச் சண்டை போட ஒரு மொழி இல்லைதான்.

மறுநாள் பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தாள். உறுதி ஒன்றும் சொல்ல முடியாது, விசா ரத்தாகும் வேலை இன்னும் முடியவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் நேரில் வந்தால் பேசிப் பார்க்கலாம் என்றார்களாம். வியாழக்கிழமை மத்தியான விமானத்துக்கு டிக்கெட் எடுத்தாள். என்னிடம் கேட்கவில்லை, சொல்ல மட்டும் செய்தாள். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஷ்யாமுக்குத் தெரிந்த ஓர் அம்மாவையும் அவளே பேசி ஏற்பாடு செய்தாள். நான் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தேன்.

பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டு, சக்கர நாற்காலியில் இருந்த அப்பாவின் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்தாள். என்னையும் பக்கத்தில் வரச் சொன்னாள். பிறகு தமிழில், ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துப் பார்த்து எடுத்துவைத்து, "அப்பா, நான் போகட்டா?" என்றாள்.

ரவி அவளையும் பெட்டியையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது என்று தெரிந்தது. பரீட்சையை யாரும் தள்ளிவைக்கவில்லை என்பது உட்பட. இடது கையை அவள் தலையில் வைத்தார். உதட்டைக் கூட்ட அவருக்கு வெகுநேரம் ஆனது.

"போயிட்டு… வா, ஏட்டி."

அவள் அப்படியே முட்டிபோட்டபடி என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா என்ன சொன்னார்? நீ சொல்லு."

அவளுக்குத் தெரியும். 'போ' தெரியும், 'வா' தெரியும், மூன்று வயதிலிருந்து தெரியும். தெரிந்துகொண்டே கேட்டாள். நானும் சொன்னேன். "போ என்கிறார்" என்றேன் இங்கிலீஷில். அது போதாமல் இருந்தது. "போய்விட்டுத் திரும்பி வா என்கிறார்."

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"திரும்பி வா என்பது அவர் சொன்னதா, நீ சேர்த்ததா?"

"அவர் சொன்னதுதான்" என்றேன். "சத்தியமாக அவர் சொன்னதுதான், அனு."

அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். புதிதாக ஒலிப்பதிவைத் தொடங்கி, போனை அப்பாவின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், "அப்பா, இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.